மாப்பிடிப்பும் இனிப்பும்: எழுவான்கரையில் வத்தாளங்கிழங்கின் ருசிபேதம்

மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கு நோக்கிக் கல்முனைக்குச் செல்லும் நெடுஞ்சாலை, ஒருபுறம் வங்கக் கடலையும் மறுபுறம் வாவியையும் வைத்துக்கொண்டு, குருக்கள்மடம், செட்டிபாளையம், மாங்காடு, தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிகுடி என்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் ஊர்களை ஊடறுத்துப் போகிறது. வாவிக்கு மேற்கே படுவான்கரை, நெல்வயல்களின் பிரதேசம்; கிழக்கே எழுவான்கரை, மணலின் பிரதேசம். மண்ணியல் நூலார் ரெகோசோல் என வகுத்திருக்கும் இம்மணல் நீரைப் பிடித்து வைக்கும் ஆற்றல் குன்றியதாயினும், வேர் பருத்துக் கிழங்காவதற்கு வேண்டிய தளர்ச்சியும் காற்றோட்டமும் இயல்பாகவே உடையது. களிமண்ணிலே கோணலும் முடிச்சுமாக உருவாகும் வத்தாளங்கிழங்கு இம்மணலிலே சீரான வடிவமும் மழமழப்பான தோலும் பெற்று வெளிவருவதற்கு அதுவே காரணம். கிணற்று நீரைக் கொண்டு கத்தரியும் மிளகாயும் வெற்றிலையும் விளைவிக்கும் இந்த ஊர்களில், நட்ட மூன்று நான்கு மாதங்களில் பலன் தந்துவிடும் வத்தாளை, தோட்டக்காரருடைய பிரதான பயிராக எண்ணப்படாவிட்டாலும், அவர் கைவிட விரும்பாத ஒரு பயிராக இருந்துவருகிறது.

இக்கிழங்கின் பல்வேறு இனங்களுள் உண்போர் எதனை விரும்புகின்றனர் என்ற வினா மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு மிக எளியது. பொருளியலார் அதனை விலையால் அளந்து சொல்வர். உணவு விஞ்ஞானிகள் ஒன்பது படிகள் கொண்ட ஓர் அளவுகோலால் அளந்து சொல்வர். கொடி வழங்கும் விவசாய அதிகாரிகள், ஹெக்டேயருக்கு எத்தனை தொன் கிடைக்கும் என்று கணக்கிட்டு, அதிகம் கிடைப்பதையே மக்களும் விரும்புவர் என்று அநுமானித்துக்கொள்வர். இம்மூன்று அளவைகளுக்கும் எட்டாமல் நழுவிப்போகும் ஒரு விஷயம் உண்டு, அது அடுப்பு. எழுவான்கரையில் உண்பவர் தேர்ந்தெடுப்பது ஓர் இனத்தையன்று, அவித்து இறக்கிய பின் வாயில் உதிர்ந்து பரவும் ஒரு தன்மையை என்பதும், அத்தன்மையின் மேலுள்ள பற்று சமைக்கும் முறையையும் உடன் உண்ணும் பதார்த்தத்தையும் தொடர்ந்து உண்டானது என்பதும், இனவிருத்தி செய்வோர் நிறத்தையும் சத்தையும் கொண்டு இம்மக்களை அணுகுமுன் இதனை அறிந்துகொள்ள வேண்டும் என்பதும் இக்கட்டுரையில் நிறுவப்பட வேண்டியவை.

முதலில், இனத்தின் பெயர் உண்பவரிடத்தே வந்து சேர்வதேயில்லை என்ற உண்மையைக் கவனிப்போம். இதே எழுவான்கரைக் குடும்பம் படுவான்கரையில் வயல் செய்யுமாயின், தான் விதைத்த நெல்லின் பெயரை இலக்கத்தோடு சொல்லும். அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஏ.ரீ. 362 சிவப்பரிசி என்பதும், பத்தலகொடையிலிருந்து வந்த பீ.ஜி. 358 வெள்ளையரிசி என்பதும் எழுத்தறியாத முதியவருக்கும் தெரிந்தவை. விதைநெல் மூட்டைகளில் பெயர் அச்சிட்டு வருகிறது. ஆலைக்காரர் பெயரைக் கேட்டே விலை பேசுகிறார். வத்தாளைக்கு அத்தகைய பாதுகாப்பு ஒன்றும் இல்லை. அது விதையிலிருந்து பயிரிடப்படுவதில்லை. 90 நிறமூர்த்தங்களைக் கொண்ட அறுமடியத் தாவரமாகையால் அதன் விதை தாயின் குணத்தை அப்படியே தருவதுமில்லை. ஒரு தோட்டத்துக் கொடியின் நுனித்துண்டு அடுத்த தோட்டத்துக்குப் போகிறது, அங்கிருந்து உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறது. போகும் வழியிலே பெயர் கழன்று விழுந்துவிடுகிறது. பணம் பெற்று விற்கும் பொருளுக்கே பெயர் வேண்டும். இரண்டு முழக் கொடியைச் சும்மா கேட்டு வாங்கிக்கொண்டு போகிறவர் அதன் வரலாற்றை ஏன் விசாரிக்கப் போகிறார்?

பேராதனைக்கு அருகே கன்னொருவையிலுள்ள தோட்டப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமும் அதனைச் சார்ந்தோரும் காலத்துக்குக் காலம் வெளியிட்ட இனங்களோ பலவாகும். வாரியபொல சிவப்பு, வாரியபொல வெள்ளை, கன்னொருவை வெள்ளை, ரணபிம, சாந்தி, சித்ரா, தவல, மாலி முதலியன விவசாயத் திணைக்களத்தின் சிபார்சுகளில் இடம்பெற்றவை. இவற்றுள் வாரியபொல சிவப்பே நாட்டில் பலரும் அறிந்தது. ஆனால் களுவாஞ்சிகுடிச் சந்தையிலோ, தேற்றாத்தீவில் வீதியோரமாகக் கிழங்கைக் குவித்து வைத்திருப்பவரிடமோ போய் வாரியபொல சிவப்பு இருக்கிறதா என்று கேட்பவர் ஒருவரும் இரார். அங்கே இருப்பவை இரண்டே இரண்டு: சிவப்புக் கிழங்கு, வெள்ளைக் கிழங்கு. இவையும் தோலின் நிறத்தால் வந்த பெயர்கள். சதையின் நிறத்தையோ, உண்மையான இனத்தையோ குறிப்பவையல்ல. ஆகவே, நீங்கள் எந்த இனத்தை விரும்புகிறீர்கள் என்று வினாக்கொத்தில் அச்சிட்டுக் கேட்கும் ஆராய்ச்சியாளர், தமக்கு மட்டுமே விளங்கும் ஒரு கேள்வியைக் கேட்கிறார்; மறுமொழி சொல்பவர் மரியாதைக்காக ஒன்றைச் சொல்லிவைக்கிறார்.

அப்படியாயின் வாங்குபவர் எதைக் கேட்கிறார்? குவியலுக்கு முன் குந்தியிருந்து ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பார்க்கும் முதியவள், விற்கும் இளைஞனிடம், “மாப்பிடிக்குமா மனே?” என்று கேட்பாள், அவன், “ஓம்கா அம்மா, அவிச்சாப் பூவா வெடிக்கும்” என்று சொல்வான். இந்த இரண்டு வசனங்களுக்குள் ஒரு முழு ருசிசாத்திரம் அடங்கியிருக்கிறது. இனிக்குமா என்பது இரண்டாவது கேள்வி. பல வேளைகளில் அது கேட்கப்படுவதேயில்லை. கேட்கப்படாவிட்டாலும் கண்ணால் முடிவு செய்யப்படும் வேறொன்று உண்டு: தோலில் ஊசி குத்தியது போன்ற துளைகள். வத்தாளையின் பெரும்பகையான கிழங்குக் கூன்வண்டு, கொடியின் அடியிலும் மணல் விலகி வெளியே தெரியும் கிழங்கிலும் முட்டையிட, அதன் புழு உள்ளே துளைத்துச் செல்லும். அத்தாக்குதலுக்கு எதிராகக் கிழங்கு தானே சுரக்கும் கசப்புப் பொருள் துளையைச் சுற்றியுள்ள நல்ல சதையிலும் பரவிவிடும். ஒரு மூலையில் மட்டும் வண்டு குத்திய கிழங்கைச் சட்டியிலிட்டவள், அதன் கசப்பை முழுக் குடும்பத்துக்கும் பரிமாற நேரிடும். எனவே துளையில்லாமை என்பது விருப்பத்தின் பாற்பட்டதன்று, தகுதியின் பாற்பட்டது. அதில் தேறிய கிழங்குகளுக்கிடையேதான் விருப்பம் தொழிற்படத் தொடங்குகிறது. வறண்ட மாதங்களில், மேல்மணல் காய்ந்து சரிய, இந்தத் தகுதி பெறும் கிழங்கின் தொகை சுருங்கிவிடும்.

மாப்பிடிப்பு என்பது யாது? விஞ்ஞானிகளின் பாஷையிலே அது பெரும்பாலும் உலர்பொருளின் அளவைப் பொறுத்தது. அமெரிக்காவில் விரும்பி உண்ணப்படும் செம்மஞ்சள் நிறக் கிழங்குகளில் 100 கிராமுக்கு 20 முதல் 25 கிராம் வரையே உலர்பொருள் இருக்க, ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் விரும்பப்படும் வெண்சதைக் கிழங்குகளில் அது 30 கிராமையும் தாண்டும். ஆனால் உலர்பொருள் மிகுதி மட்டும் போதாது. அதிலே மாப்பொருள் எவ்வளவு, வேகும்போது அந்த மாப்பொருள் என்ன ஆகிறது என்பவையும் வேண்டும். வத்தாளங்கிழங்கின் உள்ளே பீற்றா அமிலேசு என்னும் நொதியம் ஏராளமாக இருக்கிறது. பச்சை மாப்பொருளை அது அதிகம் தீண்டுவதில்லை. வெப்பம் ஏறி, ஏறத்தாழ 65 முதல் 75 பாகை வரையில் மாப்பொருள் மணிகள் நீரை உறிஞ்சி ஊதிப் பசையாகும்போது, அந்நொதியம் அவற்றை வெட்டி மோல்ற்றோசு என்னும் வெல்லமாக்குகிறது. 80 பாகையைக் கடந்தபின் நொதியமே விரைவாக வலிமையிழந்து ஓய்ந்துவிடுகிறது. அதாவது, இனிப்பு உண்டாவதற்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு குறுகிய வாயில். அவ்வாயிலை எவ்வளவு மெதுவாகக் கடக்கிறோமோ அவ்வளவுக்கு மாப்பொருள் வெல்லமாகி, ஊதிய மணிகளுக்குள் கட்டுண்டிருந்த நீர் விடுபட்டு, சதை குழைந்து ஒட்டும் பதமாகிறது. விரைவாகக் கடந்தால் மாப்பொருள் மாப்பொருளாகவே நின்று, சதை உதிரும் பதமாகிறது.

எழுவான்கரை வீட்டில் நடப்பது இரண்டாவது. கிழங்கைக் கழுவி, பெரிய துண்டுகளாக வெட்டி, உப்பிட்ட நீரில் இட்டு, நன்றாக எரியும் நெருப்பில் அவித்து, நீரை வடித்து, சட்டியை மீண்டும் சற்று அடுப்பில் வைத்து ஈரம் போக்கி இறக்குகிறார்கள். துண்டமாக வெட்டிய கிழங்கு கொதிநீரிலே அந்தக் குறுகிய வாயிலை ஓட்டமாகக் கடந்துவிடுகிறது. உடனுண்பது தேங்காய்ச் சம்பல். சில வீடுகளில் முதல்நாள் மீன் ஆணம். குழந்தைகளுக்கு மட்டும் தேங்காய்ப்பூவும் சீனியும். உறைப்பும் புளிப்பும் உப்பும் கலந்த சம்பலை ஏந்திக்கொள்ள உலர்ந்து உதிரும் சதை வேண்டும். தேன்போல் இனித்துக் குழையும் சதை சம்பலோடு சேராது, ஆணத்தோடு சண்டையிடும். காலை உணவாக, பிட்டுக்கும் ரொட்டிக்கும் பதிலாக உண்ணப்படும் பண்டத்திலே அளவுக்கு மிஞ்சிய இனிப்பு ஒரு குற்றம். இந்தக் குற்றத்தை உலகின் வேறு பாகங்களில் குணம் என்பார்கள் என்பதற்கு யப்பான் நல்ல உதாரணம்.

யப்பானியர் இக்கிழங்கைச் சூடான கூழாங்கற்களுக்கிடையே முழுதாகப் புதைத்து நெடுநேரம் சுடுவார்கள். முழுக்கிழங்கின் நடுப்பாகம் மெதுவாகச் சூடேற, நொதியத்துக்கு வேண்டிய அவகாசம் தாராளமாகக் கிடைக்கிறது. அந்நாட்டிலும் முன்னர் மாப்பிடிப்பான கிழங்கே பெரிதும் போற்றப்பட்டது. 1980களில் வந்த பெனி அசுமா அத்தகையது. பின்னர், 2010 இல் பதிவு பெற்ற பெனி ஹருகா என்னும் இனம், சுட்டபின் தேன் கசியும்படி குழைவதால், கடைகளின் மின்னடுப்புகளில் மணிக்கணக்காக வேகவைத்து விற்கப்பட்டு, ஒரு தலைமுறையின் ருசியையே மாற்றிவிட்டது. அதனினும் விசித்திரமானது 2002 அளவில் அங்கு உருவாக்கப்பட்ட குயிக் சுவீற் என்ற இனம்: அதன் மாப்பொருள் மற்ற இனங்களைவிட ஏறத்தாழ 20 பாகை குறைந்த வெப்பத்திலேயே பசையாவதால், நுண்ணலை அடுப்பில் சில நிமிடங்களில் வெந்தாலும் இனிக்கும். இல்லத்தாரின் அடுப்பு மாறியதைக் கண்டு, அந்த அடுப்புக்கு ஏற்றபடி கிழங்கை மாற்றினர். நம்முடைய ஆராய்ச்சி நிலையங்களில், இக்கிழங்கு எந்தச் சட்டியில் எவ்வளவு நேரம் வேகப்போகிறது என்ற கேள்வி இனவிருத்தியின் தொடக்கத்திலேயே கேட்கப்பட வேண்டும் என்று வற்புறுத்துவோர் மிகவும் வேண்டப்படுகின்றனர்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தார் 1930களின் பிற்பகுதியில், யூலியன் மில்லர் என்னும் அறிஞரின் உழைப்பால் கிடைத்த செம்மஞ்சட் குழைவுக் கிழங்கை, வடமாநிலங்களின் உலர்ந்த கிழங்கினின்றும் வேறான ஒரு பண்டமாகவே விளம்பரப்படுத்தி வெற்றி கண்டார்கள். அவர்கள் விற்றது இனத்தையல்ல, பதத்தையே. இதை இங்கே சொல்லி மேலே செல்வோம். ஆபிரிக்காவின் கதை இன்னும் நெருக்கமானது.

விற்றமின் ஏ குறைபாட்டால் குழந்தைகள் கண்ணொளி இழக்கும் நாடுகளில், பீற்றா கரோட்டின் நிறைந்த செம்மஞ்சட் சதைக் கிழங்கைப் பரப்பும் முயற்சி 1990களில் தொடங்கியது. லீமா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச உருளைக்கிழங்கு நிலையத்தைச் சேர்ந்த மரியா அந்திராதே, ரொபேட் முவாங்கா, யான் லோ என்பவர்களும், பயிர்களைச் சத்தூட்டி விருத்தி செய்யும் கொள்கையின் முன்னோடியான ஹவார்த் பூயிஸ் என்பவரும் 2016 ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசைப் பெற்றது இத்துறையின் பணிக்காகவே. சிறிய கிழங்கு ஒன்று, அதாவது ஏறத்தாழ 125 கிராம், ஒரு பாலகனின் அன்றாட விற்றமின் ஏ தேவையை நிறைவேற்றும் என்பது அவர்கள் எடுத்துச் சொன்ன வாதம். வாதம் அசைக்க முடியாதது. ஆயினும் முதலில் கொண்டுவரப்பட்ட அமெரிக்க வகைக் கிழங்குகள் நீர்த்தன்மை மிக்கவை. குழந்தைகள் அவற்றை விரும்பினர், பெரியவர்கள் ஒதுக்கினர். உலர்பொருள் மிக்க வெள்ளைக் கிழங்கையே அவர்கள் உணவென்று மதித்தனர். கரோட்டின் கூடினால் உலர்பொருள் குறையும் என்ற எதிர்மறை உறவு அங்குள்ள இனங்களில் காணப்பட்டமையால், இனவிருத்தியாளர் அவ்விரண்டையும் ஒரு கிழங்கில் சேர்க்கப் பல ஆண்டுகள் பாடுபட வேண்டியிருந்தது. உகண்டாவில் 2004 இல் வெளிவந்த எயுமுலா, ககமெகா என்பனவும், 2007 இல் வந்த கபோடே, வீற்றா என்பனவும், மொசாம்பிக்கில் 2011 இல் ஒருங்கே வெளியிடப்பட்ட 15 இனங்களும் அப்பாட்டின் பலன்களே.

உகண்டாவில் கிராம மக்களிடையே நடத்தப்பட்டு 2011 இல் வெளிவந்த ஓர் ஆய்வு இங்கு விசேடமாகக் கவனிக்கத்தக்கது. சத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கிழங்கைச் சுவைக்கக் கொடுத்து விலை கேட்டபோது, மக்கள் வெள்ளைக்கும் செம்மஞ்சளுக்கும் பேதமின்றியே மதிப்பிட்டனர். சத்தைச் சொன்னபின் செம்மஞ்சளுக்குக் கணிசமாகக் கூடிய விலை சொன்னார்கள். அவ்வாய்வின் மற்றொரு முடிவே எனக்குப் பெரிதாகப் படுகிறது: உண்மையில் பணத்தைக் கொடுத்து வாங்க வேண்டிய நிலையில் சொன்ன விலையைவிட, வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டபோது சொன்ன விலை இரண்டு மடங்குக்கும் மேற்பட்டிருந்தது. கற்பனையில் தாராளம் காட்டுவது மனித சுபாவம். வினாக்கொத்துகளை மட்டும் நம்பி மக்களின் விருப்பத்தை அறிந்துவிட்டதாகக் கருதும் நம்மூர் ஆய்வேடுகள் இந்த ஒரு முடிவின் முன் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

கடலுக்கு அப்பால், நமக்கு அண்மையிலேயே, சத்தையும் உலர்பொருளையும் ஒரே கிழங்கில் சேர்ப்பதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. திருவனந்தபுரத்தில் ஸ்ரீகாரியம் என்னுமிடத்தில் 1963 முதல் இயங்கிவரும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம், தன் பரிசோதனைகளின் பலனாகப் பூ சோனா, பூ கிருஷ்ணா என்னும் இரு இனங்களை 2017 இல் வெளியிட்டது. பூ சோனா செம்மஞ்சட் சதையுடையது; சாதாரணக் கிழங்கில் 100 கிராமுக்கு 2 அல்லது 3 மில்லிகிராமாக இருக்கும் பீற்றா கரோட்டின் அதில் 14 மில்லிகிராம். எனினும் அதன் உலர்பொருள் 27 முதல் 29 சதவீதம். பூ கிருஷ்ணா ஊதாச் சதையுடையது. 100 கிராமுக்கு 90 மில்லிகிராம் அந்தோசயனின் கொண்டது. உலர்பொருள் 24 முதல் 25.5 சதவீதம். இவ்விரண்டையும் எழுவான்கரைச் சந்தையில் அருகருகே வைத்தால், ஊதா நிறத்தின் விநோதம் முதல் வாரம் சிலரை ஈர்க்கக்கூடும். மாப்பிடிப்பில் முந்துவது பூ சோனாவாகவே இருக்கும் என்று இவ்வெண்களைக் கொண்டு ஊகிக்கலாம். செம்மஞ்சள் நிறமே இங்கு அந்நியமானது என்று சிலர் சொல்லும் ஆட்சேபம் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. பூசணியும் பப்பாசியும் பனம்பழமும் உண்டு வளர்ந்த நாவுக்கு அந்நிறம் என்ன புதுமை? ஆனால் பூசணிபோல் குழையும் கிழங்கைக் கொண்டுவந்தால், பூசணி இருக்க இது எதற்கு என்று கேட்பார்கள். அக்கேள்விக்கு விடை சொல்வது கடினம்.

அடுப்பின் ஆதிக்கம் ருசியோடு நிற்பதன்று. நீரிழிவு வியாதி பரவியிருக்கும் இக்காலத்தில், இனிப்புக் கிழங்கு ஆகாது என்று விலக்குவோரும், சோற்றுக்குப் பதிலாக இதுவே உத்தமம் என்று உண்போரும் ஒரே தெருவில் வசிக்கின்றனர். யமேக்காவில் 10 இனங்களைக் கொண்டு செய்யப்பட்டு 2011 இல் வெளிவந்த ஒரு பரிசோதனை இருசாராருக்கும் விடை தருகிறது: இரத்தத்திலே வெல்லத்தை ஏற்றும் வேகத்தைக் காட்டும் கிளைசீமியச் சுட்டெண், அவித்த கிழங்குகளில் 41 முதல் 50 வரையும், வெதுப்பியவற்றில் 82 முதல் 94 வரையும், சுட்டவற்றில் 79 முதல் 93 வரையும் இருந்தது. இனத்துக்கு இனம் இருந்த பேதம் சொற்பம். சமைக்கும் முறையால் வந்த பேதமோ ஏறக்குறைய இரட்டிப்பு. நம் பாட்டிமார் வைத்தியத்தை உத்தேசியாமல், சம்பலுக்கு இசைவாக இருக்கிறது என்பதற்காக அவித்த அவிப்பு, இவ்வியாதிக்காரருக்கு அநுகூலமாகவும் அமைந்துவிட்டது. சிவப்புத்தோல் கிழங்கு சீனி வியாதிக்கு நல்லது, வெள்ளைத்தோல் கூடாது என்று சந்தையில் ஓதப்படும் உபதேசத்துக்கு இதிலே ஆதாரமில்லை.

இனி, விருப்பத்தின் மேல் கவிந்திருக்கும் ஒரு நிழலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழங்கு வறியவர் உணவு என்னும் எண்ணம் இலங்கையில் ஆழப் பதிந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரிசி பங்கீடு செய்யப்பட்டபோதும், 1970களின் முற்பகுதியில் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டு அரிசியும் கோதுமை மாவும் அருகியபோதும், மரவள்ளியும் வத்தாளையுமே பலருடைய பசியைத் தணித்தன. பசியைத் தணித்த பண்டத்தை நன்றியோடு நினைப்பார்கள் என்று எதிர்பார்ப்பது இயல்பு, நடந்தது வேறு. அக்காலத்தை அநுபவித்தவர்களுள் பலர், பிற்காலத்தில் கை சற்று உயர்ந்ததும், விருந்தினர் முன் அவித்த கிழங்கை வைப்பதற்குக் கூசினார்கள். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு நெல் விளைச்சல் வீழ்ந்து, 2022 இல் கோதுமை மாவின் விலை பன்மடங்காகி, அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியபோது, கிழங்கு மறுபடியும் காலை உணவானது. அத்தகைய காலத்து விற்பனையைக் கண்டு மக்கள் கிழங்கை விரும்பத் தொடங்கிவிட்டனர் என்று முடிவு கட்டுதல் தகாது. தெரிவு செய்ய வழியில்லாதவனுடைய தெரிவு விருப்பமாகாது. வாங்கும் சக்தி மீண்டபின்னும் எவர் கிழங்கை வாங்குகிறார், வாரத்தில் எத்தனை நாள் வாங்குகிறார் என்பதுதான் கணக்கு.

தோட்டக்காரரின் விருப்பமும் வியாபாரியின் விருப்பமும் உண்பவரின் விருப்பத்தோடு ஒத்துப்போவதில்லை என்பது இச்சிக்கலின் மற்றொரு முடிச்சு. தோட்டக்காரர் குறைந்த நாளில் பருக்கும் கொடியை நாடுகிறார். கிணற்று நீரைத் தாராளமாகப் பாய்ச்சித் தழைச்சத்தும் இட்டால் கொடி தழைக்கும், கிழங்கு நீர்த்துப்போகும். சாம்பற்சத்து கிழங்கைத் திரளச் செய்யும் என்பது அவருக்குத் தெரிந்ததே. ஆனால் நிறுவைக்குத்தானே பணம், மாப்பிடிப்புக்கு யார் பணம் தருகிறார்? காத்தான்குடிக்கும் கல்முனைக்கும் ஏற்றிச் செல்லும் வியாபாரி, தோல் உரியாத, நடுத்தர அளவான, நிறம் மங்காத கிழங்கைக் கேட்கிறார். சிவப்புத்தோல் இரண்டு நாள் கிடந்தாலும் பார்வைக்கு அழகாயிருக்கும், வெள்ளைத்தோல் சிராய்ப்பையும் கறுப்பையும் காட்டிக்கொடுத்துவிடும். இவ்வாறு தோலின் நிறம் வியாபாரத்தின் வசதியால் முதன்மை பெற்று, பின்னர் உண்பவரின் மனத்திலும் சிவப்பே மாப்பிடிக்கும் என்ற நம்பிக்கையாகக் குடிபுகுந்திருக்கக் கூடும். உண்மையில் ஒரே கொடியின் கிழங்கு மாரியில் பறித்தால் ஒருவிதமாகவும் கோடையில் பறித்தால் ஒருவிதமாகவும் வேகும். பறித்த கிழங்கைச் சில நாள் நிழலில் வைத்தால் அதன் மாப்பொருளில் ஒரு பகுதி வெல்லமாகி இனிப்பு ஏறும்; அமெரிக்கர் ஏறத்தாழ 29 பாகை வெப்பமும் 85 முதல் 90 சதவீத ஈரப்பதனும் உள்ள அறைகளில் ஏழு நாள்வரை வைத்துக் கிழங்கைப் பதப்படுத்துவர்; நமது கரையோரத்துக் காற்று அவ்வெப்பத்துக்கு அண்மையில் இருப்பதைச் செலவின்றியே தருகிறது. எனவே புதிதாய்ப் பறித்ததை விரும்புவோரும் வைத்து உண்பதை விரும்புவோரும் ஒரே இனத்தை இரு இனங்களாக அநுபவிக்கிறார்கள்.

இத்தனையும் கருதும்போது, வந்தாறுமூலையில், இதே ரெகோசோல் மணலில் அமைந்துள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தைப் போன்ற ஒரு நிறுவனம் தேற்றாத்தீவிலே நுகர்வோர் விருப்பத்தை ஆராயப் புகுமாயின், வழக்கமான முறையைச் சற்றே ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கும். வழக்கமான முறையாவது: கிழங்கைத் தோலுரித்து, ஒரே அளவான கட்டிகளாக வெட்டி, ஒரே நேரம் அவித்து, மூன்று இலக்க எண்ணிட்ட கிண்ணங்களில் இட்டு, முப்பது மாணவர்களிடம் கொடுத்து, மிக விருப்பம் முதல் மிக வெறுப்பு வரையான ஒன்பது படிகளுள் ஒன்றில் குறியிடச் சொல்லுதல். இவ்வளவுகோல் 1940களின் பிற்பகுதியில் அமெரிக்க இராணுவத்தின் உணவுச்சாலைகளுக்காகச் சிக்காகோவில் வகுக்கப்பட்டது. சிப்பாய்கள் தட்டில் எதை மிச்சம் வைப்பார்கள் என்று அறிவதற்கு அது போதுமாயிருந்தது. சம்பலில்லாத ஒரு கட்டிக் கிழங்கை மின்விளக்கின் கீழ் தனியே மென்று பார்க்கும் இருபது வயது மாணவன், இனிப்புக்கு ஒன்பதும் மாப்பிடிப்புக்கு ஐந்தும் போடக்கூடும். அவனே வீட்டுக்குப் போய்த் தாயின் கையால் உண்ணும்போது அதே கிழங்கைத் தள்ளிவைப்பான்.

இதற்குப் பதிலாக, மாரியறுவடையில் ஒருமுறையும் கோடையறுவடையில் ஒருமுறையுமாக, பெயர் சொல்லாமல், ஆனால் தமக்குள்ளே அடையாளம் வைத்துக்கொண்டு, இரண்டு கிலோ முழுக்கிழங்கை எழுவான்கரை வீடுகளிலும், ஒப்புநோக்குவதற்காகப் படுவான்கரை வீடுகளிலும் கொடுத்து, அவரவர் சட்டியில் அவரவர் நெருப்பில் அவித்து அவரவர் கறியோடு உண்ணவிட வேண்டும். சமைத்தவளிடம் ஒரு கேள்வியும், உண்ட முதியவரிடம் ஒரு கேள்வியும், பிள்ளைகளிடம் ஒரு கேள்வியும் தனித்தனியே கேட்க வேண்டும். ஆபிரிக்காவில் பிள்ளைகளும் பெரியவர்களும் எதிரெதிராக மறுமொழி சொன்னதை மறத்தலாகாது. முதற் கிழங்கு இலவசமாக இருக்கலாம். இரண்டாவது வாரம் அதே கிழங்கு அயலிலுள்ள கடையில் சந்தை விலைக்கு வைக்கப்பட வேண்டும். ஒன்பது படிகளுள் எட்டாவதிற் குறியிட்ட வீட்டிலிருந்து எவர் காசோடு வந்து அதனைத் தேடுகிறார், வந்தவர் சிவப்பென்று கேட்கிறாரா, வெள்ளையென்று கேட்கிறாரா, அல்லது போனகிழமை தந்த மாப்பிடிச்ச கிழங்கு என்று கேட்கிறாரா என்பதைக் கடைக்காரர் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு வந்தால், கன்னொருவையில் இருப்போர் அடுத்த இனத்தை எந்தக் குணத்துக்காகத் தெரிவு செய்ய வேண்டும் என்பதை அந்தக் கொப்பியைக் கொண்டே தீர்மானிக்கலாம்.